பாஸ்வேர்ட் என்ன பிரசாதமா, வந்தவங்களுக்கெல்லாம் கொடுக்க?

முதல்லயே சொல்லிடறேன், இது திட்டற பதிவு. கவிதை, சமையல் குறிப்பு எதிர்பார்த்து வந்தவங்க அப்படியே அடுத்த பதிவுக்குப் போயிடலாம். பொட்டி தட்டற மக்கள், பொட்டி தட்டறவங்களுக்குச் சம்பளம் கொடுக்கற முதலாளிங்க, சொந்தக்காரங்க கம்ப்யூட்டரை ஓசியில ரிப்பேர் பார்த்துக் கொடுக்கற புண்ணியவான்கள் - நீங்க மட்டும் உக்காருங்க. திட்டு உங்களுக்குத்தான்.

என் கட்சி இதுதான். "நம்ம ஆளுங்கதானே" என்று சொல்லி ஒரே பாஸ்வேர்டை நாலைந்து பேர் சேர்ந்து வைத்துக்கொள்வதை நம்பிக்கையின் அடையாளம் என்று ஊரே நினைத்துக்கொண்டிருக்கிறது. இல்லவே இல்லை. நாளைக்கு ஏதாவது தப்பு நடந்தால், பழியை யார் தலையில் வேண்டுமானாலும் கட்டுவதற்கு இன்றைக்கே செய்து வைக்கும் ஏற்பாடு அது. அப்படிக் கட்டப்படும் தலை எப்பவும் சம்பளம் கம்மியான தலைதான்.

"செவிலிமேட்டுல உக்காந்துகிட்டு உனக்கு என்னய்யா சைபர் பாதுகாப்பு, அது என்ன பெண்டகனா?" என்று ஓர் அனானி நண்பர் கேட்பார். கேளுங்க அனானி. எங்க ஊர் பாலாற்றங்கரை ஊர், காஞ்சிபுரம் மாநகராட்சிக்குள்ள இருக்கு, தறிச் சத்தம் கேட்கிற தெருக்கள் இன்னும் இருக்கு. எல்லாம் சரி. ஆனால் ஒரு சின்னப் பட்டுக்கடையை எடுத்துக்கொள்ளுங்கள். பில் போடற சாஃப்ட்வேருக்கு ஒரு பாஸ்வேர்ட். 2017 ஜூலையில் வந்த ஜிஎஸ்டி போர்ட்டலுக்கு ஒண்ணு. நெட் பேங்கிங். கூரியர் கம்பெனி லாகின். புடவைப் படம் போட்டு விற்கிற இன்ஸ்டாகிராம் பக்கம். கடை வெப்சைட், அதுக்கு ஒரு ஹோஸ்டிங் கணக்கு. எண்ணிப் பார்த்தால் பத்துக்குக் குறையாது. இது எல்லாமே ஒரு நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கும், இல்லையென்றால் முதலாளி பையனின் வாட்ஸப்பில் இருக்கும். பத்துக்கும் ஒரே பாஸ்வேர்ட் என்றாலும் ஆச்சரியமில்லை. கடைப் பேரும் கடை ஆரம்பிச்ச வருஷமும்!

டிஜிட்டல் கையெழுத்து டோக்கன்? அது பாட்டுக்கு ஆடிட்டர் ஆபீஸ் டிராயரில், பின் நம்பர் எழுதின சீட்டோடு ரப்பர் பேண்ட் போட்டுத் தூங்கிக்கொண்டிருக்கும். கையெழுத்துக்கான ரகசியச் சாவி தன்னை விட்டு வெளியே போகவே முடியாதபடி செய்வதுதான் அந்த டோக்கனின் முழு நோக்கமே. சாவி வெளியே போகலை, வாஸ்தவம். டோக்கனே வெளியே போயிடுச்சே சாமி! தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 42-ஆவது பிரிவு, அந்தச் சாவியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்வது கையெழுத்துக்காரரின் பொறுப்பு என்றுதான் சொல்கிறது. ஆடிட்டரின் டிராயரைப் பற்றி அதில் எதுவும் இல்லை.

இப்ப அந்தத் தலை மேட்டருக்கு வரேன். எங்க தெருவில் ஒரு தறிக்கார வீட்டுப் பெண். ஒரு கடையில் (பேர் வேண்டாம்) பில் கவுன்டரில் வேலை. ஒரு நாள் போட்ட பில் ஒன்று ராத்திரி எட்டே முக்காலுக்கு கேன்சல் ஆகியிருக்கிறது. புடவையும் இல்லை, பணமும் இல்லை. இந்தப் பெண் ஆறு மணிக்கே கிளம்பி வீட்டுக்கு வந்தாச்சு. சாஃப்ட்வேரில் பார்த்தால் கேன்சல் செய்தது "அட்மின்". அட்மின் யாரு? முதலாளிக்கும் தெரியும், அவர் பையனுக்கும் தெரியும், மேனேஜருக்கும் தெரியும், மாசம் ஒரு தடவை வந்து கம்ப்யூட்டரைத் துடைத்துவிட்டுப் போகிறவருக்கும் தெரியும். அந்தப் பெண்ணுக்கும் தெரியும். ஐந்து பேரில் விசாரணை யாரிடம் நடந்தது என்று நான் சொல்லணுமா? அந்த மாதச் சம்பளம் போச்சு, வேலையும் போச்சு. "அண்ணா, நான் இல்லைன்னு அந்தக் கம்ப்யூட்டர்லேருந்து எடுத்துக் காட்ட முடியாதா?" என்று கேட்டது. முடியாதும்மா. ஐந்து பேரும் ஒரே முகமூடி போட்டுக்கொண்டு வந்தால் கேமரா என்ன செய்யும்?

ஆளுக்கு ஒரு லாகின் இருந்திருந்தால் அந்தப் பெண் தப்பித்திருக்கும். அதுதான் நான் சொல்ல வருவது. தனித்தனி பாஸ்வேர்ட் என்பது திருடனைப் பிடிக்க மட்டும் இல்லை, திருடாதவரைக் காப்பாற்றவும்தான்.

"இப்படியெல்லாம் தனித்தனியா பிரிச்சா, கூட வேலை செய்றவங்களை சந்தேகப்படற மாதிரி ஆகாதா?" - இது அடுத்த கேள்வி. இதை வேறு எந்த ஊர்க்காரர் கேட்டாலும் பொறுத்துக்கொள்வேன். காஞ்சிபுரத்துக்காரர் கேட்கலாமா? பாவு, ஊடைப் பட்டு, ஜரிகை எல்லாம் தறிக்காரர் கைக்கு எப்படிப் போகிறது? எடை போட்டு, நோட்டில் எழுதிப் போகிறது. நெய்து முடித்த புடவை திரும்பி வரும்போது? மறுபடியும் தராசு. இது அப்பன் பாட்டன் காலத்துப் பழக்கம். தராசை எடுத்து வைத்தால் "என்னை நம்பலையா?" என்று எந்த நெசவாளராவது கோபித்துக்கொண்டு போகிறாரா? மாட்டார். ஏனென்றால் அந்தத் தராசு முதலாளிக்கு மட்டும் பாதுகாப்பு இல்லை, நெசவாளருக்கும் அதுதான் சாட்சி. "நான் வாங்கினது இவ்வளவு, கொடுத்தது இவ்வளவு" என்று அவர் நிமிர்ந்து நின்று சொல்லலாம். கிராம் கணக்கில் ஜரிகையை நிறுக்கத் தெரிந்த ஊர், நெட் பேங்கிங் பாஸ்வேர்டை மட்டும் சுவரில் எழுதி ஒட்டுவது எந்த ஊர் நியாயம்?

சின்ன ஊர்ச் சின்னக் கடையை மட்டும் அடிக்கிறேன் என்று நினைக்காதீங்க. பெரிய இடத்துக் கதைகளையும் பாருங்க.

2019 அக்டோபர். கூடங்குளம் அணுமின் நிலையத்தில் மால்வேர் என்று செய்தி பரவியது. 29-ஆம் தேதி நிலையத்தின் அறிக்கை, எங்க கட்டுப்பாட்டுக் கணினிகள் வெளி நெட்வொர்க்கோடு சேராதவை, தாக்குதல் சாத்தியமே இல்லை என்றது. மறுநாள் 30-ஆம் தேதி, அணுமின் கழகம் மால்வேர் இருந்தது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டது. நிர்வாக வேலைக்கான, இணையத்தோடு இணைந்த கம்ப்யூட்டரில்தான் இருந்தது, முக்கியமான உள் நெட்வொர்க் தனி, செப்டம்பர் 4-ஆம் தேதியே செர்ட்-இன் தகவல் சொல்லிவிட்டது என்றும் விளக்கம் வந்தது. அதெல்லாம் இருக்கட்டும். டிட்ராக் என்கிற அந்த மால்வேரின் மாதிரி வைரஸ்டோட்டல் தளத்தில் கிடைத்தது. அதைப் பிரித்துப் பார்த்த ஆய்வாளர்கள் உள்ளே என்ன இருந்தது என்று காட்டினார்கள் தெரியுமா? கூடங்குளம் நெட்வொர்க்கின் "அட்மினிஸ்ட்ரேட்டர்" கணக்கும் அதற்கான பாஸ்வேர்டும், மால்வேருக்குள்ளேயே எழுதப்பட்டு! அட்மினிஸ்ட்ரேட்டர். யார் பேர் அது? யார் பேரும் இல்லை. எங்க தெருப் பெண்ணின் கடையில் இருந்த அதே ஆள் அணுமின் நிலையத்திலும் வேலை பார்க்கிறார்.

2018 ஜனவரி. சண்டிகரின் ட்ரிப்யூன் பத்திரிகை நிருபர், 500 ரூபாய் கட்டி, பத்தே நிமிஷத்தில் ஆதார் விவரங்களைத் தேடிப் பார்க்கும் லாகினும் பாஸ்வேர்டும் வாங்கிக் காட்டினார். பயோமெட்ரிக் விவரம் எதுவும் போகவில்லை, குறைதீர்ப்புக்காகக் கொடுத்த தேடல் வசதியை யாரோ தவறாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்றது ஆதார் ஆணையம். சரி. ஆனால் ஆணையத்தின் புகாரில் போட்ட எஃப்.ஐ.ஆரில் அந்த நிருபரின் பேரும் இருந்தது! கடை பெரிசானாலும் பழி இறங்கற பாதை மட்டும் மாறறதில்லை, கவனிச்சீங்களா?

வெளிநாட்டுக்காரன் மட்டும் ஒழுங்கா? ஊபர் கம்பெனியின் இன்ஜினியர்கள் அமேசான் சர்வர் சாவியை கிட்ஹப் கோடுக்குள் வைத்திருந்தார்கள். 2016-ல் யாரோ உள்ளே புகுந்து அதை எடுத்து, 5 கோடியே 70 லட்சம் பேரின் விவரங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். கம்பெனி ஒரு லட்சம் டாலர் கொடுத்து வாயை அடைத்து, 2017 நவம்பரில்தான் வெளியே சொன்னது. டொயோட்டாவின் டி-கனெக்ட் சேவைக்கான ஒரு சாவி, 2017 டிசம்பரிலிருந்து 2022 செப்டம்பர் வரை, கிட்டத்தட்ட ஐந்து வருஷம், கிட்ஹப்பில் ஊர் பார்க்கக் கிடந்தது. 2,96,019 மின்னஞ்சல் முகவரிகள் வெளியே போயிருக்கலாம் என்றது கம்பெனி. இந்தச் சாவிகளைத் தேடுவதையே தொழிலாக வைத்திருக்கும் கிட்கார்டியன் நிறுவனத்தின் கணக்குப்படி, 2024 ஒரே வருஷத்தில் கிட்ஹப்பில் பொதுவெளிக்கு வந்த புதிய ரகசியங்கள் 2 கோடியே 30 லட்சத்துக்கும் மேல். இதையெல்லாம் அங்கே போட்டது பட்டுக்கடை முதலாளிகள் இல்லை மக்களே. நம்மள மாதிரி பொட்டி தட்டறவங்கதான்.

இங்கே ஆன்மீக அன்பர் ஒருத்தர் கையைத் தூக்குவார். "எல்லாத்தையும் பூட்டி வைக்கச் சொல்றியே, ராமானுஜர் என்ன செய்தார்?" செவிலிமேட்டுக்காரன்கிட்டயே ராமானுஜர் கதையா? :-) விந்திய மலைக் காட்டில் தனியாக நின்ற ராமானுஜரை வேடனும் வேடுவச்சியுமாக வந்து பெருமாளும் தாயாரும் கூட்டிக்கொண்டு வந்து விட்ட சாலைக்கிணறு எங்க ஊரில்தான் இருக்கிறது. அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் அவர் வரதராஜப் பெருமாளுக்குச் சுமந்தார் என்பது ஐதீகம். பிற்பாடு திருக்கோஷ்டியூருக்குப் பதினெட்டு தடவை நடந்து, யாருக்கும் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடு வாங்கிய ரகசியத்தை, கோபுரத்தின் மேலேறி ஊருக்கே சொன்னதாக அடுத்த கதை. ஆக, ரகசியம் என்றாலே சுயநலம், திறந்து விடுவதுதான் தர்மம். அப்படித்தானே?

அன்பரே, மந்திரம் நூறு பேருக்குச் சொன்னால் நூறு பேருக்கும் முழுசாகப் பலிக்கும், குறையாது. பாஸ்வேர்ட் நாலு பேருக்குச் சொன்னால் ஒருத்தருக்கும் பலிக்காது. அதே ராமானுஜர் கதையில் கோவிந்தர் என்ன செய்தார்? குருவே கொல்லத் திட்டம் போட்டிருக்கிறார் என்ற சேதியைக் கோபுரத்தில் ஏறிச் சொன்னாரா? யாருக்குத் தெரியணுமோ அவர் காதில் மட்டும் போட்டார். ரெண்டுமே தர்மம்தான். எது எங்கே என்பதில் இருக்கு விஷயம்.

1883-லேயே கெர்க்காஃப்ஸ் என்கிற டச்சுக்காரர் இதை எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார். பூட்டு எப்படி வேலை செய்கிறது என்பது எதிரிக்கே தெரிந்தாலும் பரவாயில்லை, சாவி மட்டும் தெரியக் கூடாது, அப்படி ஒரு முறைதான் நல்ல முறை என்றார். அதாவது முறையைக் கோபுரத்தில் நின்று கத்தலாம். சாவி மடியில் இருக்கணும். நம்ம ஊர் ஏற்பாடு இதுக்கு நேர் தலைகீழ். "எங்க கம்பெனி எந்த சாஃப்ட்வேர் வெச்சிருக்குன்னு வெளியே சொல்லக் கூடாது" என்று பந்தா, பாஸ்வேர்ட் மட்டும் டீ வாங்கி வர்ற பையன் வரைக்கும் தெரியும்.

சரி, திட்டினது போதும், என்ன செய்யணும்னு சொல்லு என்கிறீர்களா? மூணே படி.

ஒண்ணு: எங்கெல்லாம் ஆளுக்கொரு லாகின் வைக்க முடியுமோ அங்கெல்லாம் வைங்க. டேலியில் வைக்கலாம். இன்ஸ்டாகிராம் கடைப் பக்கத்தைப் பல பேர் அவரவர் கணக்கிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். நம்ம பிளாக்கரில்கூட கூட்டுப் பதிவுக்கு ஆளுக்கொரு பேர் சேர்க்கலாம். (அந்தக் காலத்தில் "டெம்ப்ளேட் சரி பண்ணித் தரேன், பாஸ்வேர்ட் அனுப்புங்க தல" என்று மடல் போட்ட அத்தனை பேரும் இதைப் படிக்கிறீங்கன்னு தெரியும்.)

ரெண்டு: ஒரே ஒரு லாகின்தான் கிடைக்கும் என்கிற இடங்கள் மிச்சம் இருக்குமே, அதற்கு "பாஸ்" என்று ஒரு சின்னக் கருவி. முதலாளி பாஸும் இல்லை, பஸ் பாஸும் இல்லை. 2012-ல் ஜேசன் டோனன்ஃபெல்ட் எழுதியது. வயர்கார்ட் விபிஎன் எழுதிய அதே ஆள். இலவசம், திறமூலம், மொத்தமே ஆயிரம் வரி தாண்டாத ஷெல் ஸ்கிரிப்ட். படிச்சுப் பார்க்கலாம், கோபுரத்தில் ஏறியும் வாசிக்கலாம்.

அது வேலை செய்யும் விதத்தைப் புரிந்துகொள்ளக் கோயில் உண்டியலை நினைச்சுக்குங்க. யார் வேண்டுமானாலும் உள்ளே போடலாம், சாவி உள்ளவர்தான் திறக்க முடியும். ஜிபிஜி என்கிற மறையாக்க நிரலில் ஆளுக்கு ஒரு ஜோடி செய்துகொள்ளணும். பொதுச் சாவி என்பது உண்டியல் மாதிரி, ஊருக்கே கொடுக்கலாம். ரகசியச் சாவி உங்க கம்ப்யூட்டரை விட்டு நகரக் கூடாது, அதற்கும் மேலே ஒரு கடவுத்தொடர். "பாஸ் இனிட்" என்று சொல்லி, யார் யார் திறக்கலாம் என்று பேர் கொடுத்தால் பெட்டி தயார். "பாஸ் இன்சர்ட் கடை/கூரியர்" என்றால் பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கி, ஒரு கோப்பாகப் பூட்டி வைக்கும். "பாஸ் ஜெனரேட்" என்றால் தானே ஒரு கரடுமுரடான பாஸ்வேர்டைச் செய்து கொடுக்கும், கடைப் பேரும் வருஷமும் இனி வேண்டாம். "பாஸ் ஷோ" என்றால் காட்டும். பின்னாடி ஒரு "-சி" போட்டால் திரையில் காட்டாமல் கிளிப்போர்டில் வைத்து 45 விநாடியில் அழித்துவிடும். (கமாண்டுகளை ஆங்கிலத்தில்தான் தட்டணும்னு தனியா சொல்லணுமா என்ன.)

எனக்குப் பிடித்தது எது தெரியுமா? ஒவ்வொரு ஃபோல்டருக்கும் திறக்கக்கூடியவர்களின் பட்டியல் தனி. கூரியர் ஃபோல்டர் கவுன்டர் பெண்ணுக்கும் திறக்கும், பேங்க் ஃபோல்டர் முதலாளிக்கும் கணக்குப்பிள்ளைக்கும் மட்டும். பட்டியலில் இருப்பவை எல்லாம் மனுஷப் பேர்கள். "அட்மின்" என்கிற அந்த மாய ஆளுக்கு வேலை போச்சு! கிட்டோடு சேர்த்து வைத்தால் யார் எந்தப் பதிவை எப்போது மாற்றினார்கள் என்பதும் நிற்கும்.

மூணு: ஒருத்தர் வேலையை விட்டுப் போனால் பட்டியலிலிருந்து பேரை எடுத்து மறுபடி பூட்டுங்கள். அதோடு நிற்காமல், அவருக்குத் தெரிந்த பாஸ்வேர்டுகளையும் அன்றைக்கே மாத்துங்க. பழைய பிரதி அவரிடம் இருக்கும், பெட்டியைப் பூட்டியதால் அவருக்கு மறந்துவிடாது. சும்மா மூணு மாசத்துக்கு ஒரு தடவை மாத்தச் சொல்லி யாரையும் படுத்தாதீங்க. அமெரிக்கத் தரநிலை அமைப்பான நிஸ்ட்டே 2017-ல் அந்தப் பழக்கத்தைக் கைவிடச் சொல்லியாச்சு. ஆனால் ஆள் மாறினால், கசிந்தது தெரிந்தால், கட்டாயம் மாத்தணும். சில ஆபீஸ்களில் அத்திவரதர் கணக்கு வைத்திருக்கிறார்கள். 1979-ல் ஒரு தடவை, 2019-ல் ஒரு தடவை.

பாஸ் கருவியிலும் குறை உண்டு, மறைக்கப் போவதில்லை. கோப்பின் பேர்கள் மறையாது, எந்த பேங்கில் கணக்கு என்பது ஃபோல்டரைப் பார்த்தாலே தெரியும். யார் மாற்றினார்கள் என்று தெரியும், யார் படித்தார்கள் என்று தெரியாது. அதனால்தான் முதல் படியை முதல் படியாக வைத்தேன். விண்டோஸில் நேரடியாக ஓடாது, லினக்ஸ் துணைச்சூழல் வேண்டும். அதுக்குப் பொறுமை இல்லையென்றால் கீபாஸ்எக்ஸ்சி வைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. பெரிய கம்பெனிக்கு இதைவிடப் பெரிய பெட்டிகள் வேண்டும், அதுவும் சரி.

கோடு எழுதறவங்களுக்கு ரெண்டு வரி தனியா. பாஸ்வேர்டைக் கமாண்டோடு சேர்த்துத் தட்டாதீங்க, ஷெல் ஹிஸ்டரியில் உக்காந்துக்கும். ஸ்கிரிப்ட் ஓடும் நேரத்தில் பெட்டியிலிருந்து எடுத்துக்கொள்ளும்படி எழுதுங்க. தெரியாமல் கிட்டில் போட்டுவிட்டால் அடுத்த கமிட்டில் அழித்துவிட்டு "அப்பாடா" என்று உட்காராதீங்க, வரலாற்றில் அது அப்படியே இருக்கும். அந்தச் சாவியையே ரத்து செய்யணும்.

"எல்லாம் சரிப்பா, கறுப்புத் திரையில கமாண்ட் தட்டறதெல்லாம் சாதாரண ஜனங்களுக்கு வருமா?" கடைசிக் கேள்வி, எனக்கு ரொம்ப எரிச்சல் தரும் கேள்வியும் இதுதான். ஆயிரக்கணக்கான இழைப் பாவில் ஒன்று அறுந்தால் எதுவென்று கண்டுபிடித்து முடிச்சுப் போடுகிறவர், உடம்பு ஒரு நிறம், கரை வேறொரு நிறம் என்று கோர்வை வாங்கி நெய்கிறவர், ஜக்கார்டு அட்டையில் ஓட்டை எங்கே தப்பு என்று பார்த்தே சொல்கிறவர் - அவர் வீட்டுப் பிள்ளைக்கு மூணு வார்த்தை தட்ட வராதா? வரும். சொல்லித்தர நமக்குத்தான் சோம்பல். அந்தச் சோம்பலுக்கு "ஜனங்களுக்குப் புரியாது" என்று ஒரு கௌரவமான பேர் வைத்திருக்கிறோம்.

பொட்டி தட்டும் பதிவர்களே, இந்த வாரம் ஒரே ஒரு வேலை செய்யுங்க. உங்களுக்குத் தெரிந்த ஒரு கடை, ஒரு கிளினிக், ஒரு சொசைட்டி, எங்கேயாவது போய் "இங்க அட்மின் யாரு?" என்று கேளுங்க. பதிலாக ஒரு மனுஷப் பேர் வந்தால் டீ குடிச்சிட்டு வந்துடுங்க. அஞ்சு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்தால், அதில் சம்பளம் கம்மியானவர் யார் என்று பார்த்து, முதல் தனி லாகினை அவருக்குப் போட்டுக் கொடுங்க. முதலாளிக்கு அப்புறம் பார்த்துக்கலாம்.

திட்டறதா இருந்தா பின்னூட்டத்துல திட்டுங்க. அனானிகளும் வரலாம், ஆனா ஒண்ணு, ஆளுக்கொரு பேர் வெச்சுக்கிட்டு வாங்க. நாலு பேர் ஒரே பேர்ல வந்தா நான் யாருக்குன்னு பதில் சொல்றது? :-)